சுருகா: கைமாறிய கடற்கரை

ஜப்பானிய வரைபடத்தில் ஃபூஜி மலைக்குத் தெற்கே நோக்குவோம். கடலோரமாகப் பெருவழி செல்லும் அம்மாகாணமே சுருகா. ஆண்டவர்கள் இமகாவா குலத்தார். வடக்கே மலைநாடான காய் மாகாணத்துக்கோ (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்!) கடற்கரையே இல்லை. அதன் தலைவர் தகேதா ஷிங்கென். இவ்விரு குலங்களும், கிழக்கேயிருந்த ஹோஜோ குலமும் 1554-ஆம் ஆண்டளவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவாயின.

1560-இல் ஒகெஹசாமா போரில் இமகாவா யோஷிமோதோ மாண்டார். குலம் தளர்ந்தது. 1568-இல் ஷிங்கென் உறவையும் மறந்து சுருகாவினுள் புகுந்தார். யோஷிமோதோவின் மகன் உஜிசானே தப்பியோடினார். அவர் மனைவியான ஹோஜோ வீட்டுப் பெண், பல்லக்குக்கூட இன்றிக் கால்நடையாக ஓட நேர்ந்தது. சமாதானத்துக்காக மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள் அல்லவா? அவள் தந்தை கொதித்தெழுந்து ஷிங்கெனுடன் போரிட்டதில் வியப்பென்ன! ஆயினும் சுருகா தகேதா வசமே ஆயிற்று.

1582-இல் தகேதா குலமும் அழிய, சுருகா தொகுகாவா இயேயாசுவின் கைக்கு வந்தது. இளமையில் அவர் இமகாவாவின் பணயக்கைதியாய் வளர்ந்ததும் அங்கேதான்.