பாய்மரப் படகில் குடித்தனம்: கிள்ளான் முதல் லங்காவி வரை

செலாயாங் – இங்கிருந்து காரில் லுமூட் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். போர்ட் கிள்ளானில் பாய்மரப் படகு ஏறினால், லுமூட்டுக்கு எதிரே உள்ள பங்கோர் தீவை எட்டுவதற்குச் சுமார் 90 கடல் மைல் ஓட வேண்டும். மணிக்கு 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டர் வேகத்தில் 18 மணி நேரம். இரவிலும் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும்.

பங்கோர், பினாங்கு, லங்காவி என்று இந்தக் கரையோரமாகவே மாதக்கணக்கில் படகில் வாழ்பவர்கள் உண்டு. பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்கத் தோன்றும். அருகே போய்ப் பார்த்தால், அதுவும் ஒரு குடித்தனம்தான்.

முதல் கவலை தண்ணீர். நம் நாட்டில் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கும் மேல் செலவழிக்கிறார். படகில் இருவருக்கு 300 லிட்டர் தொட்டி இருந்தால், அதை இரண்டு வாரம் இழுக்கப் பார்ப்பார்கள். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுவதோடு சரி. தண்ணீர்த் தடையின்போது வாளியோடு லாரிக்குக் காத்திருந்த சிலாங்கூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரைக்குப் போவதும் சுலபமல்ல. நங்கூரமிட்டுவிட்டுச் சிறிய ரப்பர் படகில் சந்தைக்குப் போக வேண்டும். போர்ட் கிள்ளான் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நீர் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். காய்கறியும் கேஸ் தோங்கும் வாங்கித் திரும்புவதற்குள் ரப்பர் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். அதனால் கடைக்குப் போகும் நேரத்தைத் தீர்மானிப்பது வயிறல்ல, நீரேற்ற அட்டவணை.

நங்கூரச் சங்கிலிக்கும் அதே கணக்குதான். நீர் வற்றும்போது 4 மீட்டர் ஆழம் இருக்கும் இடத்தில், ஏறும்போது 8 மீட்டர் இருக்கும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி என்பது பொதுவான வழக்கம். எனவே 40 மீட்டர் விட வேண்டும். வற்றிய நேரத்துக் கணக்கில் 20 மீட்டர் மட்டும் விட்டவரின் படகு நள்ளிரவில் நகரத் தொடங்கிவிடும்.

அதில் உயிராபத்தும் இருக்கிறது. மலாக்கா நீரிணையில் பல நாள் காற்றே இருக்காது. டீசல் இயந்திரத்தை நம்பித்தான் ஓட்டம். ஆனால் தென்மேற்குப் பருவத்தில், விடியலுக்கு முன், சுமத்ரா பக்கமிருந்து இடியோடு ஒரு சூறைக்காற்று வரும். கடலோடிகள் அதையே ‘சுமத்ரா’ என்பார்கள். மேற்கே திறந்த இடத்தில் நங்கூரமிட்டிருந்தால், அது படகை நேராகக் கரையை நோக்கித் தள்ளும். ஆழ்பகுதிக்கு விலகிச் சென்றால் பெரிய சரக்குக் கப்பல்களின் பாதை. கரையை ஒட்டினால் மீனவர்களின் வலைகள். இருளில் அவை புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இரவெல்லாம் ஓட்ட வேண்டும்.

‘நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையை மறந்துவிடுகிறார்கள். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே அதைச் செலுத்தி, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தனர். 

படகுகளைப் பக்கத்தில் பார்க்க விரும்புவோருக்கு ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் போட்டி நல்ல வாய்ப்பு. 1990-இல் தொடங்கிய இப்போட்டி வழக்கமாக நவம்பரில், போர்ட் கிள்ளானில் புறப்பட்டுப் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடியும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கிளம்பும் முன் அன்றைய நீரேற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.