மஞ்சள் பொத்தான்

அமெரிக்காவில் ஓர் அரசியல்வாதி கருக்கலைப்பு விஷயத்தில் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், மேடைப் பேச்சை விட்டுவிட்டு அவையில் அவர் எப்படி வாக்களித்தார் என்று பதிவேட்டைப் புரட்டுவார்கள். அதைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். டீ ஆறுவதற்குள் பராக் ஒபாமாவின் பழைய பதிவேட்டைப் பார்த்துவிடலாம். 1997 முதல் 2004 வரை அவர் இல்லினாய் மாநில செனட் உறுப்பினர்.

அந்த அவையில் வாக்களிக்க மூன்று பொத்தான்கள். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் ‘பிரசென்ட்’. அவைக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று பொருள். ஒபாமா கலந்துகொண்ட வாக்கெடுப்புகள் சுமார் 4,000. மஞ்சளை அழுத்தியது ஏறக்குறைய 130 முறை. அவற்றில் சில, கருக்கலைப்பைக் கட்டுப்படுத்த வந்த மசோதாக்கள். மைனர் பெண் கருக்கலைப்புக்குப் போனால் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டு மசோதா ஓர் உதாரணம்.

“சரிதான், நழுவிவிட்டார்” என்று நினைக்கிறோம் இல்லையா? எல்லோரும் சறுக்குவது இங்கேதான். கணக்கைப் பாருங்கள். செனட்டில் 59 இடங்கள். மசோதா நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 30 பச்சை வேண்டும் என்கிறது மாநில அரசமைப்புச் சட்டம். சிவப்பு எத்தனை என்பது பொருட்டே இல்லை. நம் அடுக்ககத்தில் 59 வீடுகள். 30 வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் பெயின்ட் அடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். “வேண்டாம்” என்றவரும் “பார்க்கலாம் சார்” என்றவரும் கையெழுத்துப் போடவில்லை. சங்கச் செயலாளருக்கு இருவரும் ஒன்றுதான்.

எல்லா அவையிலும் இப்படி இல்லை. 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஆனபோது, ஆறு பேர் பிரசென்ட் என்றதால் பெரும்பான்மைக்கான எண்ணே இறங்கியது. 216 வாக்குகளில் ஜெயித்துவிட்டார். அங்கே கைகொடுக்கும் அதே வாக்கு, இல்லினாயில் முட்டுக்கட்டை.

அப்படியானால் சிவப்பையே அழுத்தலாமே? இழுபறித் தொகுதிக்காரர் அழுத்தினால், “பெற்றோருக்குச் சொல்லவே கூடாதாம்!” என்று எதிராளி நோட்டீஸ் அடிப்பார். மஞ்சளில் அந்தச் சங்கடம் குறைவு. ஆனால் தனியாக அழுத்தினால் கோழை என்பார்கள். கூட்டமாக அழுத்தினால் அது உத்தி. கருக்கலைப்பு உரிமைக்காக நிற்கும் பிளான்டு பேரன்ட்ஹுட்டின் இல்லினாய்க் கிளை, அப்படிச் செய்யும்படி ஒபாமாவிடம் தாங்களே கேட்டதாகப் பிறகு சொன்னது. சிகாகோவின் தென்பகுதியில் இருந்த அவருடைய தொகுதி பாதுகாப்பானது; தனக்கென்று அவருக்கு மஞ்சள் தேவைப்பட்டிருக்காது.

இதெல்லாம் வெளியே யாருக்குத் தெரியும்? 2008 தொடக்கத்தில், அதிபர் வேட்பாளர் ஆவதற்கு ஒபாமாவுடன் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன் தரப்பு, கருக்கலைப்பு மசோதாக்களில் ஏழு முறை பிரசென்ட் போட்டவர் என்று நியூ ஹாம்ப்ஷையர் வாக்காளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதை வெறும் திரிப்பு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. வாக்காளர் கண்ணுக்கு நிலைப்பாடு பளிச்சென்று தெரியாமல் இருக்கத்தானே மஞ்சள்?

சிவப்பும் அவரை விடவில்லை. கருக்கலைப்பின்போது உயிரோடு வெளிவரும் சிசுவுக்குச் சட்டப் பாதுகாப்பு கோரிய மசோதாக்களுக்கு 2001இல் மஞ்சள் போட்டவர், 2002இல் எதிர்த்தே வாக்களித்தார். 2003இல் தான் தலைமை வகித்த குழுவிலும் எதிர்த்தார். 2008 அதிபர் தேர்தலில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியது அதைத்தான்.