ஃபேஸ் டிடெக்டர்: முந்தியது யார், எவ்வளவு?

செஞ்சியில் ஒரு வீடு. கூடத்தில் டிஜிட்டல் எஃப்.எம். ரேடியோ, மொட்டை மாடியில் கிரிட்டோடு இணைந்த சோலார். இரண்டுக்குள்ளும் பி.எல்.எல். எனும் ஃபேஸ் லாக்டு லூப் ஓடுகிறது. அதன் காது ஃபேஸ் டிடெக்டர். ஆனால் ரேடியோவின் காது ஒரு மாதிரி, இன்வெர்ட்டரின் காது வேறு மாதிரி. ஏன் என்று கொஞ்சம் தோண்டினேன்.

பஜனையில் புதிதாக ஜால்ரா தட்டும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தைக் கேட்கிறான், முந்திவிட்டால் தளர்த்துகிறான், பிந்தினால் விரட்டுகிறான். அவன் கைதான் ஆசிலேட்டர். ஒவ்வொரு தட்டுக்கும் பதறாத நிதானம், லூப் ஃபில்டர். ‘முந்திட்டே, பிந்திட்டே’ என்று சொல்வது டிடெக்டர். அவ்வளவுதான் பி.எல்.எல். இந்த யோசனை 1930-களிலேயே ரேடியோக்காரர்களிடம் வந்துவிட்டது.

எளிய டிடெக்டர் ஒரே ஒரு எக்ஸார் கேட். இரண்டு சதுர அலைகளும் வேறுபடும் நேரத்தில் மட்டும் 1 தரும். சராசரி எடுத்தால் 0 டிகிரி வித்தியாசத்துக்கு 0, 180-க்கு முழு வோல்ட்டேஜ், 90-க்குப் பாதி. எனவே அலைவரிசையின் நடுவில் பூட்டும்போது இரண்டு அலைகளும் 90 டிகிரி தள்ளியே நிற்கும். பிரச்சினை வேறிடத்தில். இரண்டின் வேகமும் வெகுவாக வேறாக இருந்தால் சராசரி எப்போதும் பாதியில்தான் கிடக்கும். எது வேகம் என்று அதற்குத் தெரியாது. மூன்று மடங்கு வேகத்தில் ஓடுவதோடும் வெட்கமில்லாமல் பூட்டிக்கொள்ளும்.

ரேடியோவுக்கு இது ஆகாது. புதுச்சேரி வானொலியின் 102.8-ஐ வைக்கிறீர்கள். இடைநிலை அலைவரிசை 10.7 என்றால், உள்ளே ஆசிலேட்டர் 113.5 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸ் படி என்று வைத்துக்கொண்டால், அதை 1135-ஆல் வகுத்து, கிறிஸ்டலிலிருந்து வரும் 100 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட வேண்டும். ஸ்டேஷன் மாற்றியவுடன் ஆசிலேட்டர் எங்கேயோ கிடக்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும் ஆள் தேவை. அவர்தான் ஃபேஸ்-ஃப்ரீக்வென்ஸி டிடெக்டர். இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப். கிறிஸ்டலின் விளிம்பு வந்தால் ‘ஏறு’ எழும், ஆசிலேட்டரின் விளிம்பு வந்தால் ‘இறங்கு’ எழும், இரண்டும் எழுந்த கணமே ஓர் ஆண்ட் கேட் இரண்டையும் அணைத்துவிடும். எனவே ‘ஏறு’ நீடித்த நேரமே பிந்திய நேரம். வேகம் குறைவாக இருந்தால் ‘ஏறு’தான் திரும்பத் திரும்ப ஜெயிக்கும். எனக்கு மிகவும் பிடித்த சின்ன சர்க்யூட் இது. பூட்டியபின் துடிப்புகள் மிகக் குறுகி, அடுத்த ஸ்விட்ச் திறக்கக்கூட நேரம் போதாத ஒரு செத்த இடம் உண்டு. அதனால் அணைப்பதை வேண்டுமென்றே சற்றுத் தாமதப்படுத்துவார்கள்.

இதையே மாடிக்குக் கொண்டுபோனால் கெட்டது கதை. அது விளிம்புகளை மட்டுமே நம்புகிறது. வீட்டு மின்சாரத்தின் அலை அப்படிச் சுத்தமாக இருக்காது. பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னக் குறுக்கீடு வந்தாலே விளிம்பு இரண்டாகத் தெரியும். டிடெக்டர் அதை ஒரு முழுச் சுற்றுப் பிழை என்று நினைத்துத் தள்ள ஆரம்பிக்கும். 230 வோல்ட்டில் 10 டிகிரி, அதாவது அரை மில்லி விநாடிக்குச் சற்று மேல் தவறினாலே கிரிட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 40 வோல்ட் வித்தியாசம் நிற்கும். நடுவில் இருப்பதோ ஒரு சின்னச் சுருள். கரண்ட் பாய்ந்துவிடும்.

அதனால் இங்கே பெருக்கல். கிரிட்டின் சைன் அலையை இன்வெர்ட்டருக்குள் ஓடும் கொசைனால் பெருக்கினால் இரண்டு துண்டுகள் வரும். ஒன்று ஃபேஸ் வித்தியாசம், இன்னொன்று 100 ஹெர்ட்ஸ் நடுக்கம். 10 மில்லி விநாடிக்குச் சராசரி எடுத்தால் நடுக்கம் அடங்கிவிடும். மென்பொருளில் சில வரிகள்தான். அலையின் எல்லாப் புள்ளிகளும் ஓட்டுப் போடுவதால் ஒரு புள்ளியின் பொய் பெரிதாக எடுபடாது. விலை: பதில் கொஞ்சம் தாமதமாக வரும், எக்ஸார் மாதிரியே தூரத்து வேகத்தைப் பிடிக்கத் திணறும். ஆனால் கிரிட் 50-ஐ விட்டு எங்கே ஓடிவிடப் போகிறது? 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக கிரிட் வடக்கோடு இணைந்தது. அதிலிருந்து செஞ்சிக்கும் காஷ்மீருக்கும் ஒரே அலைவரிசை. (ஒரே ஃபேஸ் அல்ல, அந்த வித்தியாசம்தான் மின்சாரத்தையே ஓட வைக்கிறது.)

ஒரு வில்லங்கம் மட்டும் எந்த டிடெக்டராலும் தீராது. தெரு லைன் துண்டிக்கப்பட்டு, அந்த நேரம் பார்த்து சோலார் தருவதும் தெரு இழுப்பதும் ஏறக்குறைய சமமாக இருந்தால்? டிடெக்டர் கேட்பது இப்போது இன்வெர்ட்டரின் சொந்தக் குரலை. வித்தியாசம் பூஜ்யம், எல்லாம் சரி என்றே சொல்லும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கோ அந்தக் கம்பி செத்த கம்பி.

அதனால் இன்வெர்ட்டர் தன் அலைவரிசையை அவ்வப்போது வேண்டுமென்றே லேசாக நெட்டித் தள்ளிப் பார்க்கும். கிரிட் இருந்தால் அசையாது, பிடித்து நிறுத்திவிடும். இல்லாவிட்டால், தான் தள்ளியதைத் தானே பின்தொடர்ந்து நழுவி, எல்லை தாண்டி, தன்னையே அணைத்துக்கொள்ளும். இதற்கு ஐ.இ.இ.இ. 1547 தரம் தரும் கெடு 2 விநாடி.