வாளி தாழட்டும்!

டிராக்டரின் முன்னே மண் அள்ளும் லோடர். பின்னே புல்வெட்டும் கருவி. இரண்டையும் ஒருசேர மாட்டிப் புல் வெட்டுவோர், இயன்றால் லோடரைக் கழற்றி வைப்பதே நலம். எடை குறையும், வேலியோரம் திரும்புவதும் எளிதாகும்.

கழற்ற இயலாவிடில், வாளியைக் காலியாக, தரையில் உரசாத அளவுக்குத் தாழ்த்தி வையுங்கள். பார்வையை மறைக்கிறதே என்று உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். சரிவில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலே வண்டி கவிழக்கூடும். கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புக் கூண்டைப் புதிய டிராக்டர்களுக்கு 1959லேயே கட்டாயமாக்கியது சுவீடன். கூண்டு இருப்பினும், இருக்கைப் பட்டி அணிந்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

எண்ணெய்க் குழாயில் கசிவென ஐயமா? கையால் தடவாதீர்கள், அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பின்னரே கீழிறங்குங்கள். தூக்கி நிறுத்திய வாளியின் கீழ் உங்கள் குழந்தை ஓடி வரலாம் அல்லவா?