கூப்பிட்டால் வரும் வண்டியின் கணக்கு

ஒரு வேன், இரண்டு பயணிகள். இருவரும் வெவ்வேறு இடத்தில் ஏறி வெவ்வேறு இடத்தில் இறங்க வேண்டியவர்கள். ஓட்டுநர் எந்த வரிசையில் போகலாம்? முதலாமவரை ஏற்றி, இறக்கிவிட்டு, அப்புறம் இரண்டாமவர் வீட்டுக்குப் போகலாம். இருவரையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொருவராக இறக்கலாம். ஏறாத ஆளை இறக்க முடியாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. எண்ணிப் பார்த்தால் 6 வழி வரும். மூன்று பேர் என்றால் 90. நான்கு பேருக்கு 2,520, ஐந்து பேருக்கு 1,13,400. பத்துப் பேர் போன் செய்துவிட்டால் ஏறக்குறைய 24 கோடி கோடி. நொடிக்குப் பத்து லட்சம் வரிசைகளைச் சோதிக்கிற கணினியை உட்கார வைத்தாலும் முடிக்க 75 ஆண்டு ஆகும். அதுவரை யாரும் வாசலில் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள்.

தடம் எண் கிடையாது, நிறுத்தம் கிடையாது, யார் கூப்பிட்டார்களோ அவர்களை வைத்து அன்றன்றைக்குத் தடம் போட்டுக்கொள்கிற பேருந்துச் சேவையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். 'டயல்-எ-ரைடு' என்று இந்தச் சேவைக்குப் பெயர். இது வேண்டியிருப்பது முக்கியமாக இரண்டு பேருக்கு. ஒருவர், ஒரு நாளைக்கு நாலு பேர் மட்டுமே வெளியே கிளம்புகிற சிற்றூரில் இருப்பவர். அவர் ஊருக்கு பஸ் வராது. இன்னொருவர், வாசலிலேயே பஸ் நின்றாலும் ஏற முடியாதவர். இருவரின் குறையும் வேறு வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேடன்ஃபீல்டு என்ற சிறு ஊரில் 1972-இல் அரசுப் பணத்தில் ஒரு பரிசோதனைச் சேவை தொடங்கியது. போனில் கூப்பிட்டால் வேன் வரும். எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்பதை முதலில் மனிதர்கள் பார்த்தார்கள், பிறகு கணினியிடம் கொடுத்தார்கள். அதற்கான வழிமுறைகளில் பெரும்பங்கு எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவானது. அங்கிருந்த கிரேக்க ஆய்வாளர் ஹரிலாவோஸ் சராஃப்டிஸ் 1980-இல் வெளியிட்ட கட்டுரை இந்த 24 கோடி கோடியை வழிக்குக் கொண்டுவந்தது. அவர் கண்ட வழி மிக எளிமையானது. எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒரு பயணி மூன்று நிலைகளில் ஒன்றில்தான் இருப்பார்: காத்திருக்கிறார், வண்டிக்குள் இருக்கிறார், இறங்கிவிட்டார். மிச்சப் பயணத்தை எப்படிப் போவது சிறந்தது என்பது, வண்டி இப்போது எங்கே நிற்கிறது, யார் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த நிலைக்கு எந்தச் சுற்றில் வந்து சேர்ந்தோம் என்பது பொருட்டே அல்ல. எனவே ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம், நிலைகளைப் பார்த்தால் போதும். பத்துப் பேருக்கு அப்படிப்பட்ட நிலைகள் 4 லட்சத்துக்கும் குறைவு. 75 ஆண்டு வேலை ஒரே நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மொத்த நேரத்தைக் குறைப்பது மட்டுமே குறி என்று கணினியிடம் சொல்லிவிட்டால், ஊருக்கு வெளியே கடைசி வீட்டில் இருப்பவர் கதி என்ன? அவரைக் கூட்டிவரப் போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம் பக்கத்துத் தெருவிலிருந்து புதிதாக ஓர் அழைப்பு வரும். பக்கத்தில் இருப்பவரை முதலில் ஏற்றுவதுதான் எப்போதும் லாபம். கடைசி வீடு பொழுது சாயும் வரை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. சராஃப்டிஸ் இதைத் தடுக்க ஒரு வேலி போட்டார்: கூப்பிட்ட வரிசையில் ஒருவருக்கு எந்த இடமோ, அதிலிருந்து இத்தனை இடத்துக்கு மேல் அவரைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. அந்த 'இத்தனை' எவ்வளவு என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஓர் ஆள் உட்கார்ந்து முடிவெடுத்து எழுத வேண்டும்.

நடைமுறையில் பல வண்டிகள், நூற்றுக்கணக்கான அழைப்புகள். அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஏற்கெனவே போட்ட தடத்துக்குள் புதிய ஆளைச் செருகிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு வேனுக்கு இன்னும் 8 நிறுத்தங்கள் பாக்கி என்றால் புதியவரின் ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் 45 விதமாகச் செருகலாம். 20 வேன்கள் இருந்தால் 900. ஒவ்வொன்றிலும், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த நேரம் யாருக்காவது தவறுகிறதா, உள்ளே இருப்பவர் அளவுக்கு மீறிச் சுற்ற வேண்டியிருக்கிறதா என்று பார்த்து, தப்பிப் பிழைத்தவற்றில் மலிவானதை எடுத்துக்கொள்ளலாம். மிகச் சிறந்த விடை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போனை வைப்பதற்குள் "ஒன்பதே காலுக்கு வண்டி வரும்" என்று சொல்ல முடியும்.

பெர்லினில் டெலிபுஸ் என்ற சேவை, பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக ஓடியது. சுமார் 100 சிற்றுந்துகள், ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,500 பயணங்கள். 1995 ஜூனில் அதன் கணினித் திட்டமிடல் நடைமுறைக்கு வந்தது. பின்னணியில் பெர்லினின் ட்சூஸே கணித நிறுவனம். அவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில், சேர்ந்து போகத் தோதான இரண்டு மூன்று பேரை இணைத்துச் சின்னச் சின்னத் துண்டுப் பயணங்களாக்கி, ஒவ்வொரு பயணியும் ஒரே ஒரு துண்டில் மட்டும் வரும்படி சிறந்த துண்டுகளைத் தேர்ந்தெடுப்பது. பிறகு அந்தத் துண்டுகளைக் கோத்து ஒரு வண்டியின் முழுநாள் ஓட்டமாக்குவது. பூக்கட்டுகிறவர் மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து வைத்துப் பின் சரமாக முடிவதைப் போலத்தான். முதல் கட்டத்துக்கு மிகச் சிறந்த விடையையே கண்டுபிடிக்க முடிந்தது. ஓட்டுநரின் வேலை நேரம், கட்டாய ஓய்வு, வண்டிக்கு வண்டி மாறும் இருக்கைகள் என்று நிபந்தனைகள் வந்து குவிகிற இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழச் சிறந்த விடையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டெலிபுஸ் போன்ற சேவையில் கைத்தாங்கலாக ஏற்றி இறக்குவதும் பயணத்தின் ஒரு பகுதி. சக்கர நாற்காலியில் ஒருவர் வேனில் ஏறுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஓட்டுநர் இறங்கி வந்து பின்கதவைத் திறக்கிறார். லிஃப்டையோ சாய்தளத்தையோ இறக்குகிறார். நாற்காலி உள்ளே வந்ததும் அதன் சட்டத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பட்டைகளைக் கொக்கி மாட்டித் தரையோடு இழுத்து இறுக்குகிறார். இது நாற்காலிக்கு. உட்கார்ந்திருப்பவருக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கிற பெல்ட் தனி. இதெல்லாம் அவசரப்படுத்தக் கூடாத வேலை. ஒருவர் நடந்து ஏற அரை நிமிடம் என்று எழுதி வைத்த அட்டவணை இங்கே முதல் நிறுத்தத்திலேயே நொறுங்கும்.

இடமும் சிக்கல்தான். பின்கதவு வழியாக மட்டும் ஏற்றுகிற வேனில் கடைசியாக ஏறிய நாற்காலி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்னால் ஏறியவரை முதலில் இறக்க வேண்டுமென்றால் பின்னால் இருப்பவரை அவிழ்த்து, இறக்கி, மறுபடி ஏற்றிக் கட்ட வேண்டும். அதனால் தொடக்கத்தில் எண்ணிய 6 வழிகளில் 2 அடிபட்டுப்போய் 4 தான் மிஞ்சும். ஒரு நாற்காலிக்கு இடம் வேண்டுமென்றால் சில சாதாரண இருக்கைகளை மடக்க வேண்டும். ஆக வண்டியில் எத்தனை இடம் என்பதே ஏறுகிற ஆளைப் பொறுத்து மாறுகிறது.

இன்னும் கடினம் திரும்பி வருகிற நேரம். டயாலிசிஸ் நோயாளிகள் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள் போகிறார்கள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம்போல ஆகும். போகிற நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லிவிடலாம். திரும்பும் நேரத்தைச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். வேன் வந்து காத்திருந்தால் அடுத்தவர்களுக்குத் தாமதம், காத்திருக்காமல் போனால் களைத்துப்போன ஒரு மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, கிராமத்துக்கு வருவோம். இங்கே கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. நாலு அழைப்பை எந்த ஓட்டுநரும் மனத்துக்குள்ளேயே வரிசைப்படுத்திவிடுவார். கிராமத்தின் சிக்கல் வேறு, அதற்கான கணக்கின் வேர் வங்காளத்துச் சணல் வயல்களில் இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி.சி. மகலநோபிஸ், வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் பயிராகிறது என்று மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்த வயல்களுக்கு ஆட்கள் போய்ப் பார்த்து வர வேண்டும். வயல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் அலைச்சல் எவ்வளவு கூடும்? ஏறத்தாழ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப என்று 1940-இல் 'சங்க்யா' இதழில் எழுதினார். 1959-இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி ஆகிய மூவர் இதை முறைப்படி நிறுவினார்கள்: ஒரு பரப்பில் சிதறிக் கிடக்கிற நிறையப் புள்ளிகளைத் தொட்டு வரும் மிகக் குறுகிய சுற்றின் நீளம், பரப்பையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதில் ஒரு நிலையான பங்கு. அந்தப் பங்கு 0.71 அளவில் இருப்பதைப் பின்னாளைய கணினிக் கணக்குகள் காட்டின.

இதை வேனுக்குப் பொருத்துவோம். 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 பேரை அவரவர் வீட்டிலிருந்து ஏற்றிவர ஏறக்குறைய 36 கிலோமீட்டர் ஓட வேண்டும், ஆளுக்கு 1.4. அதே பரப்பில் 100 பேர் கூப்பிட்டால் ஓட்டம் 71 கிலோமீட்டர், ஆளுக்கு 0.7. சாலையின் வளைவு நெளிவு தனி. அதாவது ஆளுக்கான தூரம் பாதியாக வேண்டுமென்றால் ஆட்கள் நான்கு மடங்காக வேண்டும். ஆட்கள் குறைந்தால் இதே விதி எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும். கிராமத்து வேன் காலியாக ஓடுகிறது, நிர்வாகம் சரியில்லை என்று ஆண்டுதோறும் தணிக்கையில் எழுதுகிறவர்கள் இந்த வர்க்கமூலத்தையும் ஒரு வரி எழுதலாம். நம்மூர் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை நின்று கிளம்புகிறது. நகரத்தில் ஐந்து நிமிடத்தில் நிரம்பும். ஆளே இல்லாத கிளைச்சாலையில் அதே ஆட்டோ மதியம்வரை நிற்கும்.

நகரத்திலும் இந்த விதி ஆளைக் கவிழ்த்திருக்கிறது. ஹெல்சின்கியில் 2012-இல் குட்சுபிளஸ் என்ற சேவை தொடங்கியது. செல்பேசியில் பதிவு செய்தால், ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றிக்கொள்ளும். பயணிகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் 15 சிற்றுந்துகள் ஒரு தலைநகரப் பரப்பில் தூவினாற்போல் கிடந்தன. பல மடங்கு பெரிதாக்கினால்தான் ஆளுக்கான செலவு இறங்கும், பெரிதாக்கப் பணம் கொடுக்க நகராட்சிகள் தயாராக இல்லை. 2015 முடிவில் நிறுத்திவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் கதை தலைகீழ்: 1974 நவம்பரில் டயல்-எ-ரைடு சேவையை மாவட்டம் முழுவதற்கும் திறந்துவிட, போன் இணைப்புகளே திணறும் அளவுக்குக் கூட்டம்; டாக்சி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன; ஆறு மாதத்துக்குள் மூடினார்கள்.

தாக்குப்பிடித்த சேவைகள் முழுச் சுதந்திரத்தை வண்டிக்குக் கொடுக்கவில்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் தட்டையான விவசாய மாவட்டம். அங்கே 2001 முதல் ஓடும் கால்கனெக்ட் சிற்றுந்துகள் பெரிய சாலையில் நேரப்படி ஓடும் பேருந்துகளுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கின்றன. நீண்ட தூரத்தைப் பெரிய பஸ் பார்த்துக்கொள்ளும். சிதறிக் கிடக்கிற முனையை மட்டும் சின்ன வண்டி பார்த்தால் போதும்.

இன்னொரு வழி, தடத்தை விட்டுக் கொஞ்சம் விலகுவது. இரண்டு ஊருக்கு இடையே 8 கிலோமீட்டர், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிடம். அட்டவணையில் 18 என்று எழுதினால் 6 நிமிடம் கையில் இருக்கும். ஒரு கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்ப 3 நிமிடம். இரண்டு வீடுகளுக்குப் போய் வரலாம். அந்த இருவரில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால் இரண்டாவது வீடு கிடையாது. 18-ஐ 22 ஆக்கலாம்தான். வேலைக்குப் போகிறவர்கள் பஸ் மெதுவாக வருகிறது என்று பைக் வாங்கிவிடுவார்கள், பஸ்ஸில் ஆள் இன்னும் குறையும்.

அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள் இப்படிப்பட்ட முடிவுகளில் சிலவற்றை எண்ணாகவே எழுதிவைத்தன. வழக்கமான பஸ்ஸில் ஏற முடியாதவருக்குத் தனி வண்டி தர வேண்டும். கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பின் தள்ளக் கூடாது. கட்டணம் பஸ் கட்டணத்தில் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. எதற்காகப் போகிறார் என்று பார்த்து முன்னுரிமை தரக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் சினிமாவுக்குப் போகிறவரும் ஒன்றுதான். இத்தனையும் எழுதிய விதியில் இந்த உரிமையின் எல்லை, ஓடுகிற பஸ் தடத்திலிருந்து முக்கால் மைல், நம் கணக்கில் 1.2 கிலோமீட்டர். பஸ்ஸே ஓடாத கிராமத்தில் உள்ளவருக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை.

அங்கெல்லாம் திட்டமிடுபவர்களுக்கு மிஞ்சுவது நாட்களைச் சேர்ப்பது. வாரத்தில் ஆறு நாள் ஓடுவதை இரண்டு நாளாக்கினால், கிளம்ப நினைப்பவர்கள் அந்த நாட்களுக்கு நகர்ந்தால், நாளுக்கான ஆட்கள் மூன்று மடங்காவார்கள். மகலநோபிஸின் விதிப்படி ஆளுக்கான தூரம் 40 சதவீதத்துக்கும் மேல் குறையும். சந்தைக்குப் போகிறவர் செவ்வாய்க்கிழமைவரை பொறுப்பார். டயாலிசிஸுக்குப் போகிறவர் பொறுக்க முடியாது. அதனால் தேர்ந்த திட்டமிடுபவர் அவரிடமிருந்தே தொடங்குகிறார். திங்கள், புதன், வெள்ளி அந்த வேன் எப்படியும் போகப்போகிறது. எந்த வீட்டில் ஆளை ஏற்றும், எந்தச் சாலையில் போகும், எத்தனை மணிக்கு ஊரைத் தாண்டும் என்பது மாதக்கணக்கில் மாறாது. அந்தச் சாலையோரத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, கண் டாக்டரையும் பேங்க் வேலையையும் அந்த மூன்று நாட்களில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். திரும்பும் நேரத்தை மட்டும் யாருக்கும் அவர் உறுதியாகச் சொல்வதில்லை.