சதுரம் என்பது எது?

கடைக்கால் தோண்டுவதற்கு முன் கொத்தனார் மனையில் நான்கு முளைகளை அடித்து நூல் பிடிப்பதை நாம் கண்டிருப்போம். 10 அடிக்கு 10 அடி அறையெனில், நான்கு பக்கங்களையும் அளந்து ஒவ்வொன்றும் 10 அடி என்று அவர் உறுதிசெய்கிறார். அத்துடன் அவர் நின்றுவிடுவதில்லை. எதிரெதிர் முளைகளுக்கிடையே அளவுநாடாவைக் குறுக்காக இழுத்து, இரண்டு குறுக்களவுகளும் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்கிறார். பக்கங்கள் யாவும் சமமென்று தெரிந்த பின்னர் இந்த அளவு எதற்கு?

ஒரே நீளமுள்ள நான்கு ஈர்க்குகளை முனைகளில் நூலால் பிணைத்துச் சட்டமாக்குங்கள். ஒரு மூலையை மெல்லத் தள்ளினால், பக்கங்களின் நீளம் சற்றும் மாறாமலே சட்டம் சாய்ந்துவிடும். இப்போது கையில் இருப்பது சாய்சதுரம். ஆகவே, பக்கங்கள் சமமாயிருத்தல் சதுரத்திற்கு இன்றியமையாத பண்பே எனினும், அது மட்டும் போதுமானதன்று.

இதனால் நேரும் இழப்பைக் கணக்கிட்டே பார்க்கலாம். மூலைவிட்டங்கள் 12 அடியும் 16 அடியும் கொண்ட ஒரு சாய்சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அவை ஒன்றையொன்று செங்குத்தாக இருசமக் கூறிடுவதால் 6, 8 என்னும் பகுதிகள் கிடைக்கும். 36, 64 ஆகியவற்றின் கூடுதல் 100. எனவே பக்கம் 10 அடி. ஆனால் பரப்போ மூலைவிட்டங்களின் பெருக்கற்பலனில் பாதியாகிய 96 சதுர அடிதான். கட்டடத் தொழிலில் 100 சதுர அடியை ‘ஒரு சதுரம்’ என்றே வழங்குவர். அந்தச் சதுரத்தில் இங்கு 4 சதுர அடி குறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய கோணல் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓரிரு அங்குலக் கோணலோ தளத்தில் ஓடு பதிக்கும்போதுதான் வெளிப்படும். அப்போது சுவரோரத்து ஓடுகளையெல்லாம் சாய்வாக வெட்ட நேரும்.

மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது, செவ்வகத்திலும் அவை சமமே. இரு சோதனைகளும் சேரும்போதுதான் ஐயம் நீங்குகிறது. கஉகஉ என்று எழுத்துக் குழப்பம் நேராதவாறு, சட்டத்தின் முனைகளை வரிசையாக அ, ஆ, இ, ஈ எனக் கொள்வோம். அஆஇ, ஆஅஈ என்னும் முக்கோணங்களுக்கு அஆ பொதுப்பக்கம். ஆஇ, அஈ சமம். மூலைவிட்டங்களாகிய அஇ, ஆஈ சமம். மூன்று பக்கங்களும் ஒத்திருப்பதால் முக்கோணங்கள் சர்வசமம். எனவே ஆ, அ ஆகிய முனைகளின் கோணங்கள் சமம். எதிர்ப்பக்கங்கள் இணையாதலால் அவற்றின் கூடுதல் 180°, ஒவ்வொன்றும் 90°. கொத்தனார் கோணத்தை அளக்காமலே செங்கோணத்தை உறுதிசெய்யும் முறை இதுவே.

கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க அறிஞர் யூக்ளிட், பக்கங்கள் சமமாகவும் கோணங்கள் செங்கோணமாகவும் உள்ள நாற்கரமே சதுரம் என்று வரையறுத்தார். உண்மையில், பக்கங்கள் நான்கும் சமமாயின் ஒரு கோணம் செங்கோணமாக இருந்தாலே போதும். ஏனைய மூன்றும் தாமே செங்கோணங்களாகிவிடும். அவர் பக்கங்கள் சமமற்றதையே நீள்சதுரம் என்றதால், அவர் வகுத்த முறைப்படி சதுரம் செவ்வகமாகாது. இக்காலத்தில் நாம் சதுரத்தைச் செவ்வகத்தின் ஒரு வகையாகவும் சாய்சதுரத்தின் ஒரு வகையாகவும் கொள்கிறோம். ‘சதுரம் சாய்சதுரமா?’ என்று கேட்டால் வகுப்பில் நகைப்பு எழுவதுண்டு. எனினும் இந்த வகைப்பாட்டில் பயன் மிகுதி. செவ்வகத்திற்கு நிறுவிய மூலைவிட்டச் சமமும், சாய்சதுரத்திற்கு நிறுவிய செங்குத்துத்தன்மையும் மீண்டும் நிறுவப்படாமலே சதுரத்திற்கு வந்து சேர்கின்றன.

10 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் 10√2 அடி. ஏறத்தாழ 14 அடி 1.7 அங்குலம். √2 விகிதமுறா எண்ணாதலால் இந்நீளத்தை எந்தப் பின்னத்தாலும் துல்லியமாக எழுத முடியாது. கொத்தனாருக்கு அதனால் இடர் ஏதுமில்லை. அவருக்கு வேண்டியது மூலைவிட்டத்தின் மதிப்பன்று, இரண்டும் சமமா என்பதே; அதற்கு முடிச்சிட்ட கயிறு ஒன்றே போதும்.