உங்களுக்குத் தெரியுமா? - வாழ வந்த ராணிகள்

நெல்லையில் தச்சநல்லூர் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறினால் நடுத்திட்டு முழுக்க அரளி. ஆடுமாடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. அந்த அரளியைத்தான் புதுக்கோட்டை மன்னரின் மனைவிக்கு யாரோ உணவில் கலந்துவிட்டார்கள் என்று 1916-ல் சந்தேகம் கிளம்பியது.

அவர் மோலி ஃபிங்க், மெல்போர்ன்காரர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் அங்கேயே அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். நம்மூர்க்காரர்களுக்குத் தொண்டைமான் என்றாலே கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த 1799-தான் ஞாபகம் வரும். அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறு அத்தனை பக்கத்தில் இருக்கிறது. கும்பினிக்கு அப்படி உழைத்த வம்சம், கல்யாண விஷயத்தில் மட்டும் வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்கவில்லை! சர்க்கார் மோலியை மகாராணியாக ஏற்கவில்லை. பிள்ளை பிறந்தால் பட்டம் யாருக்கு என்பதுதான் அவர்கள் கவலை. கர்ப்பமாக இருந்த மோலி புதுக்கோட்டையில் நோயில் விழுந்தார். அரளிச் சந்தேகம் கிளம்பியது அப்போதுதான். தம்பதி ஆஸ்திரேலியா திரும்பினார்கள். ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். பெயர் மார்த்தாண்ட சிட்னி. ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைப்பது நமக்கொன்றும் புதிதில்லை, சிட்னிதான் கொஞ்சம் தூரம்.

மன்னர் கடைசியில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஆட்சியை விட்டார். பிரான்சின் கான் நகரில் குடியேறினார். 1928-ல் பாரிஸில் இறந்தவரை லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் செய்தார்கள். அரியணை சிட்னிக்குப் போகவில்லை. உறவுக்காரப் பையன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 6. அவரிடமும் அது நிலைக்கவில்லை, 1948 மார்ச்சில் சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்துவிட்டது.

மோலிக்குப் பட்டம் மறுத்தபோது சக்கரவர்த்தி, ஐந்தாம் ஜார்ஜ். அவர் வீட்டிலும் கல்யாணச் சிக்கல் வந்தது. மூத்த மகன் எட்டாம் எட்வர்டு, அமெரிக்கப் பெண்மணி வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக 1936 டிசம்பரில் முடி துறந்தார். ஒரு வருஷம்கூட ஆளவில்லை.

இன்னொரு சர்ச்சைக் கல்யாணம் பரோடாவில். மகாராணி சீதாதேவி பிறந்தது நம் சென்னையில், பித்தாபுரம் ஜமீன் வீட்டில். ஏற்கெனவே மணமானவர். மகாராஜா பிரதாப்சிங் கெய்க்வாட்டை மணக்க இஸ்லாத்துக்கு மாறி, பழைய திருமணத்தை ரத்து செய்து, மறுபடி இந்துவாகி 1943-ல் கழுத்தை நீட்டினார். மகாராஜாவுக்கும் ஏற்கெனவே மனைவி உண்டு. இருதார மணம் கூடாது என்று பரோடாவிலேயே சட்டம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, 'சட்டம் குடிமக்களுக்கு, எனக்கில்லை' என்ற ரீதியில் வாதாடினார். 1951-ல் இந்திய அரசு அந்த மகாராஜாவின் பட்டத்தைப் பறித்தது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்திலோ மன்னரின் மனைவி ராணியே அல்ல, 'அம்மச்சி'தான். பட்டம் சகோதரி மகனுக்கு. 1956 நவம்பர் வரை அந்தப் பக்கம் இருந்த செங்கோட்டையில் பெரியவர்களைக் கேட்டால் இந்த மருமக்கள் தாயம் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். 1729-ல் மன்னர் ராம வர்மா இறந்ததும் அவருடைய மகன்களான பப்பு தம்பியும் ராமன் தம்பியும் முறையை மீறி உரிமை கேட்டார்கள். மருமகன் மார்த்தாண்ட வர்மா இருவரையும் ஒழித்தார். அவர்கள் கதை நாஞ்சில் நாட்டில் 'தம்பிமார் கதை' என்று வில்லுப்பாட்டாகிவிட்டது.